தேக்கு என்று சொல்லி ரப்பர் மரத்தை விற்றுவிட்டார்கள்: இணையத்தில் பழைய மரச்சாமான் வாங்கியவர்கள் பேசுங்கள்

வேங்கைவாசல்காரி | ஞாயிறு, இரவு 9.40

மூன்று நாட்களாக மனம் ஆறவில்லை. இங்கே கொட்டிவிடுகிறேன்.

ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்து எங்களோடு தங்கப்போகிறார்கள். இருவருக்கும் முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. புதிய சாப்பாட்டு மேசை வாங்க இப்போது வசதி இல்லை. பழைய பொருட்கள் விற்கும் ஓர் இணையதளத்தில் இரண்டு வாரம் தேடினேன். "நல்ல தேக்கு, ஆறு நாற்காலிகள், குடும்பத்தோடு வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை, ₹16,000" என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. படங்கள் பளிச்சென்று இருந்தன. ₹2,000 முன்பணம் கேட்டார், அனுப்பினேன். போன வாரம் சனிக்கிழமை மாலை கணவரோடு போனேன்.

வீட்டில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. மேசை மேல் கனமான விரிப்பு. விரிப்பை எடுத்துப் பார்த்தேன், மேல்பலகை நன்றாகத்தான் இருந்தது. நேராகவே கேட்டேன்: "இது தேக்குதானே?" அவர் சொன்னார்: "எங்கள் மாமனார் ஆள் வைத்துச் செய்து கொடுத்தது அம்மா, தேக்கைத் தவிர வேறெதையும் அவர் தொடமாட்டார்." அதற்கு மேல் ஒரு மனிதரை எப்படிச் சந்தேகிப்பது? மீதிப் பணத்தைக் கொடுத்தோம். குட்டி யானைக்கு ₹1,800, ஏற்றி இறக்கிய இருவருக்கு ₹800.

மூன்றாம் நாள் காலை வீடு பெருக்கும்போது இரண்டு நாற்காலிகளின் காலடியில் கோலமாவு சிந்தியதுபோல் வெளிர் மஞ்சளாகத் தூள். துடைத்தேன். மறுநாளும் அதே இடத்தில் தூள். நாற்காலியைக் கவிழ்த்தேன். இருக்கையின் அடிப்பக்கம் குண்டூசி முனை அளவில் இருபது முப்பது துளைகள். சிலவற்றை மெழுகு வைத்து அடைத்திருக்கிறார்கள், மெழுகின் மேலேயே பாலிஷ் போட்டிருக்கிறார்கள். பிறகு மேசைக்கு அடியில் கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். பலகை ஒரே துண்டு இல்லை. சின்னச் சின்னத் துண்டுகளை இரண்டு கைவிரல்களைக் கோத்ததுபோல் வளைந்து வளைந்து ஒட்டியிருக்கிறார்கள். ரப்பர் மரத்தைத்தான் பெரும்பாலும் இப்படி ஒட்டிச் செய்வார்களாம்.

அவருடைய எண் இப்போது எடுக்கப்படுவதே இல்லை. ரப்பர் மரம் என்று சொல்லியிருந்தால் ரப்பர் மரத்தின் விலை பேசி வாங்கியிருப்பேன். பழைய பொருளில் பழுது இருக்கும் என்று எனக்கும் தெரியும். கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

தாம்பரம் மேற்கு | ஞாயிறு, இரவு 10.15

சகோதரி, உங்களுக்கு மரத்தைத் துளைக்கும் வண்டு, எனக்கு வெள்ளம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பகுதியில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நான்கு மாதம் கழித்து, ஏப்ரலில், மூன்று கதவு வைத்த துணி அலமாரி ஒன்றை இணையத்தில் பார்த்து ₹9,500 கொடுத்து வாங்கினேன். மைக்கா புதிதுபோல மின்னியது. வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம் கீழ்ப்பலகை பொருமத் தொடங்கியது. ஓரப்பட்டை உரிந்தது. உள்ளே பார்த்தால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, நனைந்த பிஸ்கட்போல உதிர்கிறது.

தச்சரைக் கூப்பிட்டேன். அவர் கதவைத் திறந்து கீல்களைக் காட்டினார். மேல் கீல் திருகாணிகள் வெள்ளியாக மின்னின. கீழ்க் கீல் திருகாணிகள் நான்கும் துருப்பிடித்துச் சிவந்திருந்தன. "ஒரே அலமாரி, ஒரே நாளில் போட்ட திருகாணி. கீழே மட்டும் ஏன் துரு?" என்று கேட்டார். பிறகு கீழ் இழுப்பறையைக் கழற்றி, அது ஓடும் தண்டவாளத்தில் விரலை வைத்து இழுத்தார். விரலில் வண்டல் மண். முழங்கால் உயரத்துக்குத் தண்ணீரில் நின்ற அலமாரி அது.

விற்றவரும் வெள்ளத்தில் நொந்தவர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய நஷ்டத்தை மைக்கா ஒட்டி என் தலையில் இறக்கினால் நான் எங்கே போவேன்?

மரத்தச்சன் | ஞாயிறு, இரவு 11.02

வேங்கைவாசல் அம்மா, முப்பது வருடமாக இந்த வேலையில் இருப்பவன் நான். சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

தூள் எப்படி இருக்கிறது? விரலில் எடுத்துத் தேய்த்தால் முகத்துக்குப் போடும் பவுடர்போல வழுவழுப்பாக இருக்கிறதா, அல்லது நறநறவென்று இருக்கிறதா? மண் பூசிய கோடுபோல எங்காவது ஏறியிருக்கிறதா? மண்கோடு இருந்தால் கறையான். துளையும் மாவுத் தூளும் மட்டும் இருந்தால் மரத்துக்குள் முட்டையிட்டு வளரும் வண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் மரம் கெட்ட மரம் இல்லை. பால் வற்றிய பிறகு வெட்டும் மரம் அது. கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் அதில் நல்ல நாற்காலிகள் செய்கிறார்கள். ஆனால் மாவுச்சத்து நிறைந்த மரம், வண்டுக்கு அது விருந்து. அறுத்தவுடன் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றிப் பதப்படுத்தினால் பல வருடம் உழைக்கும். பதப்படுத்தாமல் செய்து நிறம் ஏற்றி "தேக்கு" என்று விற்றால் இப்படித்தான் ஆகும்.

தேக்கிலும் எல்லாமே வைரம், அதாவது உள்ளே இறுகிய பகுதி, இல்லை. மரத்தின் வெளிச்சுற்று வெளுப்பாக இருக்கும், நாங்கள் "வெள்ளை" என்போம். வண்டு அந்த வெள்ளையைத்தான் தேடிப் போகும். வைரம் பாய்ந்த பகுதியை அனேகமாகத் தொடாது. அதனால் பழைய தேக்கு என்று யார் காட்டினாலும் அடிப்பக்கத்தில், பாலிஷ் படாத இடத்தில் பாருங்கள். நகத்தால் சுரண்டி முகருங்கள். தேக்குக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு தோல் பை வாசம்போல ஒரு வாசம் உண்டு. ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.

வேங்கைவாசல்காரி | ஞாயிறு, இரவு 11.20

ஐயா, வழுவழுப்பான மாவுதான். மண்கோடு எங்கும் இல்லை. ஆறில் இரண்டு நாற்காலிகளில்தான் தூள் பார்த்தேன். மற்ற நான்கையும் வைத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. வீட்டில் அம்மாவின் பழைய ஊஞ்சல் பலகை இருக்கிறது, அதற்கும் பரவிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மரத்தச்சன் | ஞாயிறு, இரவு 11.41

பதற வேண்டாம். ஆறு நாற்காலிகளையும் நன்றாகத் தட்டித் துடையுங்கள். கறுப்புத் தாள் வாங்கி, ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் நான்கு கால்களும் தாளுக்குள் அடங்கும்படி விரியுங்கள். நாற்காலியை நகர்த்தாதீர்கள். பழைய துளையில் தங்கியிருந்த தூள் வண்டியில் குலுங்கியதாலும் கொட்டியிருக்கலாம். புதிதாகக் கொட்டுகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு வாரம் பாருங்கள். இப்போதைக்கு அந்த இரண்டையும் ஊஞ்சல் பலகைக்கு அருகில் வைக்க வேண்டாம்.

கணக்கர் | திங்கள், காலை 7.05

எல்லோரும் அனுதாபம் சொல்கிறீர்கள். நான் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பழைய பொருள் வாங்கும்போது பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு. மாலை வேளையில், ஒற்றை விளக்கில், கவிழ்த்துக்கூடப் பார்க்காமல் ₹16,000 கொடுத்தது யார் தவறு? பகலில் போயிருக்கலாம். ஒரு தச்சருக்கு ₹500 கொடுத்து அழைத்துப் போயிருக்கலாம். வண்டிக்கூலி, ஆள்கூலி எல்லாம் சேர்த்து ₹18,600 ஆகியிருக்கிறது. அதோடு இன்னும் சில ஆயிரம் சேர்த்தால் கடையில் உத்தரவாதத்தோடு புதிதே வாங்கலாம்.

நூல்முடிச்சு | திங்கள், காலை 8.30

கணக்கர் அவர்களே, அவர் கேள்வி கேட்டிருக்கிறார். நேருக்கு நேர் கேட்டிருக்கிறார். பதிலாகப் பொய் வந்திருக்கிறது. மெழுகு வைத்துத் துளையை அடைத்தவருக்கு, அது என்ன துளை என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்து மறைத்தவரை விட்டுவிட்டு, நம்பியவரைக் குறுக்கு விசாரணை செய்வது எந்த நியாயம்?

"இன்னும் சில ஆயிரம் சேர்த்தால்" என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். அந்தச் சில ஆயிரம் இல்லாததால்தான் ஒருவர் இரண்டு வாரம் இரவெல்லாம் கைபேசியில் தேடுகிறார்.

அண்ணாநகர் அத்தை | திங்கள், காலை 10.12

விற்றவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரட்டும். நான் விற்றவள்.

போன வருடம் அம்மா காலமான பிறகு அவருடைய கட்டிலை விற்க வேண்டியதாயிற்று. மகன் வீட்டில் இடமில்லை. பூவரச மரம், என் அப்பா கும்பகோணத்தில் செய்து வாங்கியது. ஒரு கால் சற்றே ஆடும் என்பதையும், தலைமாட்டில் ஒரு கீறல் உண்டு என்பதையும் நானே எழுதி, கீறலைத் தனியாகப் படம் எடுத்துப் போட்டேன். விலை ₹6,000.

முதல் நாளில் நாற்பத்து மூன்று பேர் "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். "இருக்கிறது" என்று பதில் போட்டால் அதோடு சரி, மறுபேச்சு இல்லை. பத்துப் பேர் நேரில் பார்க்காமலே "கடைசி விலை என்ன?" என்றார்கள். நான்கு பேர் ஞாயிறு வருவதாகச் சொன்னார்கள். நான் எங்கும் போகாமல் வீட்டிலேயே காத்திருந்தேன், ஒருவரும் வரவில்லை. ஐந்தாமவர் வண்டியோடு வந்தார். கட்டிலைக் கழற்றிப் படியிறக்கிய பிறகு, வாசலில் நின்றுகொண்டு "கால் ஆடுகிறதே, ₹3,500 தருகிறேன்" என்றார். கால் ஆடும் என்று எழுதியிருந்தேனே என்றேன். "எழுதியிருந்தாலும் இவ்வளவு ஆடும் என்று தெரியாது" என்றார்.

அம்மாவின் கட்டில் தெருவில் சாத்திக் கிடக்கிறது, மேலே தூக்கிப்போக எனக்கு ஆள் இல்லை. அந்த ₹3,500ஐ வாங்கிக்கொண்டேன். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

உண்மையை எழுதியதற்கு எனக்குக் கிடைத்த பலன் அது. ஆனாலும் அடுத்த முறையும் அப்படித்தான் எழுதுவேன்.

கணக்கர் | திங்கள், காலை 10.40

அத்தை, படித்து மனம் கனத்துவிட்டது. காலையில் நான் எழுதியதும் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது. வேங்கைவாசல் சகோதரி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மதுரை மேலமாசி | திங்கள், மதியம் 1.20

முன்பணம் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்களுக்குப் பொருளாவது வந்தது. என் தம்பிக்கு அதுவும் வரவில்லை.

"ராணுவத்தில் இருக்கிறேன், வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிவிட்டது, சோபாவும் கட்டிலும் மலிவாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று ஒரு விளம்பரம். சீருடைப் படம், அடையாள அட்டைப் படம் எல்லாம் அனுப்பினார். பொருள் ராணுவ வண்டியிலேயே வீடு தேடி வரும் என்றார். முதலில் வண்டிச் செலவுக்கு ₹2,500. பிறகு வாயிலில் அனுமதிச் சீட்டுக்கு ₹3,100, அது திரும்பக் கிடைக்கும் என்றார். பிறகு வரி என்று இன்னொன்று. மொத்தம் ₹11,000 போன பிறகுதான் தம்பி எங்களிடம் சொன்னான். பலரையும் இதே கதை சொல்லி ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. நாம் ராணுவத்தின் மேல் வைத்திருக்கும் மரியாதையையே தூண்டிலாக்குகிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

விற்பவர்களுக்கு வேறு வலை. "பொருள் பிடித்துவிட்டது, இப்போதே பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பார்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடவே தேவையில்லை. அந்த எண்ணைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். வயதான பெற்றோரிடம் இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லி வையுங்கள்.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் புகார் செய்தால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. என் தம்பி வெட்கப்பட்டு ஒன்பது நாள் தள்ளிப்போட்டான். அதற்குள் கணக்கில் ஒன்றுமில்லை.

வழக்காடு | திங்கள், இரவு 8.55

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

இணைய வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020இல் வந்தன. தொழிலாக இல்லாமல், தன் வீட்டுப் பொருளைத் தனிப்பட்ட முறையில் விற்கும் ஒருவரை அந்த விதிகள் கட்டுப்படுத்தாது. எனவே அத்தையைப்போல அம்மாவின் கட்டிலை விற்பவர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம். அதே நேரம் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவுப்படி, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். தேக்கு என்று எழுதி விற்றால் தேக்காக இருக்க வேண்டும். விற்பவர் வியாபாரியா, குடும்பத்தலைவரா என்ற பேதம் அந்தப் பிரிவில் இல்லை.

நடைமுறையில் ₹16,000க்காக யாரும் உரிமையியல் நீதிமன்றம் ஏறமாட்டார்கள், அதுதான் உண்மை. ஆனால் இவர் உண்மையிலேயே வீடு காலி செய்பவர்தானா? வியாபாரி குடும்பஸ்தர் வேடம் போட்டிருந்தால் கதை வேறு. அப்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம், மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். ₹5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம்.

விளம்பரத்தின் படப்பிரதியை எடுத்து வைத்திருக்கிறீர்களா? அதை நீக்கிவிடுவதற்குள் எடுங்கள்.

வேங்கைவாசல்காரி | திங்கள், இரவு 9.10

விளம்பரம் இன்னும் இருக்கிறது ஐயா, இப்போதுதான் எடுத்தேன். வெளிநாடு செல்வதாகத்தானே எழுதியிருந்தார், வியாபாரியாக இருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன்.

தாம்பரம் மேற்கு | திங்கள், இரவு 10.48

சகோதரி, உங்கள் விளம்பரப் படத்தைத் தனிச்செய்தியில் அனுப்பியிருந்தீர்களே, அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடினேன். மேசைக்குப் பின்னால் பச்சை இலை போட்ட திரைச்சீலை, அதன் வலது ஓரத்தில் ஒரு வளையம் கழன்று தொங்குகிறது. அதே திரை, அதே கழன்ற வளையம், அதே சாம்பல் நிறத் தரைக்கல் இன்னும் மூன்று விளம்பரங்களில் இருக்கின்றன. ஒன்றில் சோபா, "பெங்களூருக்கு மாற்றல்." ஒன்றில் கட்டில், "திருமணப் பரிசாக வந்தது, பயன்படுத்தவில்லை." மூன்றாவதில் இன்னொரு சாப்பாட்டு மேசை, "நல்ல தேக்கு, வெளிநாடு செல்வதால்." மூன்றுக்கும் வேறு வேறு பெயர்.

நான்கையும் படப்பிரதி எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.

வழக்காடு | திங்கள், இரவு 11.05

இதைத்தான் கேட்டேன். இது வீட்டைக் காலி செய்வது இல்லை, வியாபாரம். நான்கு படங்களையும் பணம் அனுப்பிய விவரத்தையும் சேர்த்து, என்ன சொன்னார், என்ன கிடைத்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி அவருக்கு அனுப்புங்கள். திட்ட வேண்டாம், தேதியும் தொகையும் மட்டும் போதும். 15ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். பத்து நாள் அவகாசம் கொடுங்கள்.

ஓஎம்ஆர் ஓரம் | செவ்வாய், காலை 9.15

எனக்கு நடந்தது சிறியதுதான், யாருக்காவது உதவலாம். சோபா வாங்கி, வண்டியோடு போய் நின்றேன். அது பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. குடியிருப்போர் சங்கத்தின் கடிதம் இல்லாமல் பொருளை வெளியே விடமாட்டேன் என்றார் காவலாளி. ஞாயிறு அன்று சாமான் இறக்கவும் தடையாம். விற்றவருக்கே அது தெரியவில்லை. வண்டி வாடகை வீண், மறுநாள் விடுப்பும் வீண். போவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள். வேறொரு முறை வாங்கிய கட்டிலின் ஆறடி அகலத் தலைமாட்டுப் பலகை எங்கள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் திரும்பவே இல்லை. கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றினோம்.

செட்டிநாட்டான் | செவ்வாய், மாலை 4.30

இணையத்தில் பழைய மேசை எதைத் தேடினாலும் "செட்டிநாட்டு பர்மா தேக்கு" என்று வருகிறது. காரைக்குடிக்காரனாக இதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. எங்கள் பெரிய வீடுகளுக்கு பர்மாவிலிருந்து கப்பலில் தேக்கு வந்தது உண்மை. வீடுகளை இடிக்கும்போது தூண்களும் கதவுகளும் சாமான்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வருவதும் உண்மை. ஆனால் ஊரில் இடித்த வீடுகளின் மரத்தையெல்லாம் சேர்த்தாலும் இணையத்தில் விற்கும் இத்தனை மேசைகளுக்குப் போதாது.

பழைய சாமானில் மரத்துக்குள் மரத்தைக் கோத்து, மர ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். நட்சத்திரத் தலை திருகாணி போட்டு முடுக்கிய நாற்காலியை நூறு வருடத்துப் பொருள் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பாட்டன் வீட்டுப் பெயரை இப்படிக் கூவி விற்கிறார்களே.

நூல்முடிச்சு | செவ்வாய், இரவு 9.00

மரத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம், சோபா வாங்குபவர்கள் அடியில் தைத்திருக்கும் கறுப்புத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். தையல் ஓரங்களில் மிளகுத்தூள்போலக் கறும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. இரத்தம் குடிக்காமல் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் பூச்சி அது. எங்கள் வீட்டில் ₹4,000 சோபாவோடு வந்தது. மருந்து அடிக்க மூன்று முறை ஆள் வந்தார்கள், குழந்தையின் முதுகெல்லாம் தடிப்பு. கடைசியில் சோபாவை மட்டுமல்ல, எங்கள் மெத்தையையும் தூக்கிப்போட்டோம். விற்ற அம்மா நல்ல மனுஷி, காப்பி போட்டுக் கொடுத்தார். அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

வேங்கைவாசல்காரி | மூன்றாம் வாரம், சனி, காலை 6.50

எல்லோருக்கும் நன்றி சொல்லவும், நடந்ததைச் சொல்லவும் வந்தேன்.

வழக்காடு ஐயா சொன்னபடி ஒரு பக்கம் எழுதி, நான்கு படங்களோடு அனுப்பினேன். ஆறு நாள் பதில் இல்லை. ஏழாம் நாள் புதிய எண்ணிலிருந்து அழைத்தார். முதலில் சத்தம் போட்டார். பிறகு, "நானும் கூலிக்கு வாங்கி விற்பவன்தான் அம்மா, பாலிஷ் போடுகிற இடத்தில் தேக்கு என்று சொன்னார்கள்" என்றார். அப்படியென்றால் மாமனார் செய்து கொடுத்தது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். பேசாமல் இருந்தார். மேசையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன், ₹6,000 தருகிறேன் என்றார். கணவரும் நானும் பேசி ஒப்புக்கொண்டோம். நேற்று மாலை பணம் வந்துவிட்டது. விளம்பரங்கள் நான்கையும் எடுத்துவிட்டார், வேறு பெயரில் மறுபடி போடுவாரா தெரியாது. அந்த நான்கு படங்களையும் இணையதளத்துக்குப் புகாராக அனுப்பியிருக்கிறேன்.

மரத்தச்சன் ஐயா, கறுப்புத் தாள் கணக்கு இதோ. பதினான்கு நாட்கள், தினமும் காலையில் மாமனார்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பார், அவருக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. நான்கு நாற்காலிகளின் தாளில் ஒரு பொட்டுக்கூட இல்லை. ஐந்தாவதில் இரண்டாம் நாளே தூள். ஆறாவதில் பத்து நாள் ஒன்றுமில்லாமல் இருந்து, பதினோராம் நாள் பின்கால் அடியில் ஒரு சிட்டிகை. அந்த இரண்டையும் மொட்டை மாடியில் வைத்துவிட்டோம். மேசைக்கு அடியில் ஒரு துளையும் இல்லை. நான்கையும் வைத்துக்கொள்ளலாமா?

மரத்தச்சன் | சனி, காலை 7.30

வைத்துக்கொள்ளலாம் அம்மா. மாடியில் இருக்கும் இரண்டையும் விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம், விறகாக்கிவிடுங்கள். நல்ல நான்கின் அடிப்பக்கம் பாலிஷ் இல்லாத இடமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலைத் தூரிகையால் இரண்டு முறை பூசுங்கள். வெளியில் வைத்து, கையுறை போட்டுப் பூசி, காயும்வரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாலிஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது, அது வீண்.

தாளை இப்போதே எடுத்துவிட வேண்டாம். உள்ளே இருக்கும் புழு வண்டாகி வெளியேற ஒரு வருடம்கூட ஆகும். அடுத்த மழைக்காலம் முடியும்வரை அப்பா தினமும் பார்க்கட்டும்.